தாளத்தில் உட்காராத பெயர்

குற்றங்களை வரிசை மாற்றாமல் சொல்ல வேண்டும் என்பது செல்லக்கனியின் சட்டம். ஒன்றை முன்னே இழுத்தாலும் ஒன்றைப் பின்னே தள்ளினாலும் குற்றவாளி அந்தச் சந்து வழியாகத் தப்பித்துவிடுவான் என்று, ஆலை வாசலில் நின்று துண்டறிக்கை கொடுத்த காலத்தில் அவள் படித்திருந்தாள்; ஆகையால் மூன்றாம் ஷிப்டு இன்னிசைக் குழு செய்த குற்றங்களை எப்போதும் இந்த ஒழுங்கில்தான் சொல்லுவாள். முதலாவது, குழு பிறந்த அன்று மாலையே, வெள்ளையாபுரம் நூற்பாலையின் வாசலில், செத்துப்போனவளின் பெயரை விட்டுவிட்டு உயிரோடு இருந்தவளின் பெயரை வைத்து ஒப்பாரி பாடியது. இரண்டாவது, கோயில் கொடை விழாக்களுக்கு ஆள் கூப்பிட ஆரம்பித்ததும் பாட்டிலிருந்து ஆலையின் பெயரை எடுத்தது. மூன்றாவது, ஆகாய நீலத்தில் மினுக்குக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டது. நான்காவது, ஒப்பாரியில் இருந்த பெயரையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'கண்மணி' என்று வைத்தது. ஐந்தாவது, கீபோர்டு வாங்கி, தபேலா இருளப்பனையும் டிரம்பெட்காரரையும் ஒரு சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பியது. ஆறாவது, ஆலை முதலாளி வீட்டுக் கல்யாணத்தில், மங்கல காரியம் என்பதற்காக, 'வரல்லே' என்று முடிகிற பாட்டை 'வந்தாச்சு' என்று மாற்றிப் பாடியது.

ஏழாவதாக, குழுவின் சத்தம் ஒருநாள் நின்றுபோனதையும் சேர்க்க வேண்டும் என்று ரசிகர் மன்றத்தில் பலர் சொன்னார்கள். செல்லக்கனி சேர்க்கவில்லை. அதை யாரும் செய்யவில்லை, அது நடந்தது என்றாள்.

முதலாவது குற்றத்தை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் ஆலையில் நிரந்தர வேலைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை டோக்கன் உண்டு, டோக்கன் வருகைப் பலகையின் ஆணியில் தொங்காத நாட்கள் சேர்ந்தால் வேலை போகும், ஆகையால் பிள்ளை பெற்றவர்களும் காய்ச்சலில் கிடந்தவர்களும் தங்கள் டோக்கனைக் கொடுத்து வேறொருத்தியை உள்ளே அனுப்புவார்கள், மேஸ்திரி முகத்தைப் பார்க்காமல் டோக்கனைப் பார்ப்பார். இப்படிப் போகிறவளுக்குப் பதிலி என்று பெயர், அது தவிர அவளுக்கு ஆலைக்குள் வேறு பெயர் கிடையாது. பகவதி என்பவள் பிரசவமாகிப் படுத்திருந்த மாதத்தில், அவளுடைய டோக்கனோடு உள்ளே போன பதிலியை, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மிஷின் சேலைத் தலைப்போடு சேர்த்து இழுத்துக்கொண்டது. நிர்வாகம் ஆணியைப் பார்த்தது, பகவதியின் டோக்கன் தொங்கியது; பகவதியின் வீட்டுக்கு ஆள் அனுப்பியது, பகவதி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்; ஆகவே இந்த ஆலையில் யாரும் சாகவில்லை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டது.

அதற்காகத்தான் வேலைநிறுத்தம் நடந்தது, வேலைநிறுத்தத்தில் ஆட்கள் கலைந்துவிடாமல் இருப்பதற்காகத்தான் மூன்றாம் ஷிப்டில் மிஷின் பழுதுபார்த்த பிட்டர் தவசிமுத்து தன் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான், கார்டிங்கில் வேலை பார்த்த இருளப்பன் தபேலா கொண்டுவந்தான், இப்படித்தான் குழு பிறந்தது. 'சங்கு ஊதியாச்சு, பகவதி வரல்லே, பஞ்சு பறக்குது, பகவதி வரல்லே' என்று தவசிமுத்து அன்று மாலை பாடியபோது ஆண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதார்கள். ஆலைக் கணக்கில் உள்ள பெயரைச் சொன்னால்தான் வழக்கு நிற்கும் என்று சங்கத்தில் சொன்னார்கள், பகவதி என்றால்தான் தாளத்தில் உட்காருகிறது, மற்றப் பெயர் ஒரு எட்டு வெளியே தொங்குகிறது என்று தவசிமுத்து சொன்னான். பதிலிக்குப் பக்கத்து மிஷினில் நின்றவள் செல்லக்கனி. அந்தப் பெண்ணின் பெயர் அவளுக்குத் தெரியும், ஊர் தெரியும், அப்பன் பெயர் தெரியும், அவள் எந்தப் பக்கத்துப் பல்லால் கரும்பைக் கடிப்பாள் என்பதுகூடத் தெரியும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கச்சேரியிலும் செல்லக்கனி ஒரு துண்டுச் சீட்டில் அந்தப் பெயரை எழுதி மேடைக்குக் கொடுத்து அனுப்புவாள். பாட்டுக் கேட்டு வருகிற சீட்டுகளையும் பிறந்தநாள் வாழ்த்துச் சீட்டுகளையும் வாசிக்கிற அறிவிப்பாளர் அதை மட்டும் அடியில் வைத்துவிடுவார். முதலில், வழக்கு நடக்கிறது அக்கா, இப்போது குழப்ப வேண்டாம் என்றார்கள். வழக்கு தோற்றதும், தோற்றுப்போனதைக் கிளற வேண்டாம் என்றார்கள். பிறகு, சாமி கொடையில் சாவு எதற்கு என்றார்கள். கடைசியில் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார்கள். அந்த ஷிப்டில் வேலை பார்த்தவர்கள் நெஞ்சுச் சளியிலும் நீரிழிவிலும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆமாம், அப்படி ஒருத்தி இருந்தாள், நான் பார்த்தேன் என்று சொல்ல நாலு பேராவது மிச்சம் இருக்கும்போது அந்தப் பெயர் மைக்கில் ஒரு தடவை ஒலித்துவிட வேண்டும். செல்லக்கனிக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சத்தம் நின்றுபோனது ஒரு பங்குனி உத்திரத்தில், சாஸ்தா கோயில் மைதானத்தில். தவசிமுத்து வழக்கம்போலக் கையை உயர்த்தி இறக்கினார், கோட்டுப் போட்ட பையன்கள் வாசித்தார்கள், பாடுகிற பெண் கண்ணை மூடி வாயைத் திறந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. மைக்செட்காரர் ஓடிப்போய் வயரை உருவினார், மாற்றிச் செருகினார், அவர் "ஹலோ, ஹலோ" என்று சொன்னது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது, பாட்டு கேட்கவில்லை. பாதிக் காதை ஆலை இரைச்சலுக்குக் கொடுத்துவிட்ட ஊர் என்பதால் எல்லோரும் முதலில் தங்கள் காதைத்தான் சந்தேகப்பட்டார்கள், சுண்டுவிரலை விட்டுக் குடைந்து பார்த்தார்கள். ஆனால் கடலை வறுக்கிறவன் சட்டியைத் தட்டுவது கேட்டது, பிள்ளைகள் அழுவது கேட்டது, முதல் பாட்டு முடிந்தது என்று அறிவிப்பாளர் சொன்னதும் ஜனங்கள் பழக்கத்தில் கை தட்டினார்கள், கைதட்டு நன்றாகவே கேட்டது. மறுநாள் செல்போனில் பிடித்து வைத்திருந்தவர்கள் போட்டுப் பார்த்தார்கள், அதிலும் கடலைச் சட்டி இருந்தது, பாட்டு இல்லை. உங்களுக்காவது கேட்கிறதா என்று குழுவினரைக் கேட்டதற்கு, எங்களுக்குக் கேட்கிறது என்றார்கள். மறுபடி அவர்களிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

அடுத்த கொடைக்கும் அவர்களைத்தான் ஏற்பாடு செய்தார்கள். வேறு குழுவைக் கூப்பிடலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நாற்பது வருஷமாக உத்திரத்துக்கு மூன்றாம் ஷிப்டுதான், கேட்டாலும் கேட்காவிட்டாலும் உத்திரம் உத்திரம்தானே என்று விழாக் கமிட்டியில் பேசிக்கொண்டார்கள். போகப் போக அதில் சௌகரியங்கள் தெரிந்தன. ஒலிபெருக்கி அனுமதிக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியதில்லை, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார் சண்டைக்கு வருவதில்லை, மேடைக்கு முன்னாலேயே பாய் விரித்துக் கைக்குழந்தைகளைத் தூங்கப் போட முடிந்தது, பெண் பார்க்க வந்தவர்கள் கச்சேரி மைதானத்தில் உட்கார்ந்து சாவகாசமாகச் சம்பந்தம் பேசி முடித்தார்கள். இளவட்டங்கள் சத்தமில்லாத பாட்டுக்குச் சத்தமில்லாமல் ஆடினார்கள், புழுதி மட்டும் எழும்பியது. எந்தப் பாட்டு என்பதைத் தவசிமுத்துவின் இடது தோளைப் பார்த்தே ஊர் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டது. கச்சேரி முடிந்து வீட்டுக்குப் போகும்போது, "இன்னைக்குச் சுருதி கொஞ்சம் இறங்கிருச்சு வே" என்று ஒருவர் சொல்வார், "கேக்கவே இல்லையேய்யா" என்று இன்னொருவர் சொல்வார், "கேக்காட்டி என்ன, தெரியாதா?" என்று முதலாமவர் சொல்வார். யாரும் அழவில்லை, யாரும் சந்தோஷப்படவும் இல்லை. ஆலையை மூடி, மிஷின்களைப் பழைய இரும்புக்கு ஏற்றி, நிலத்தில் கல் நட்டு மனைகளாகப் பிரித்தபோது பார்த்துக்கொண்டு நின்றார்களே, அப்படியே இதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாம் ஷிப்டு இன்னிசைக் குழு ரசிகர் மன்றம் ஆலையின் பழைய சைக்கிள் கொட்டகையில் கூடும். அதற்குத் தலைவர் உண்டு, பொருளாளர் உண்டு, தீர்மானங்கள் உண்டு, இரண்டு தடவை உடைந்து மூன்று தடவை ஒன்றாகச் சேர்ந்த சரித்திரமும் உண்டு. சத்தம் நின்ற பிறகு கூட்டங்கள் அதிகமாயின. சத்தம் இருந்த காலத்தில் வாய் திறக்காதவர்களெல்லாம் குழு எப்படி இருந்தது, எப்படிக் கெட்டது என்று பேச ஆரம்பித்தார்கள்.

"கீபோர்டு வந்த அன்னைக்கே முடிஞ்சு போச்சு வே," என்றார் சேவியர். அவர் ஆலையில் நூல் சுற்றும் ரீலிங்கில் இருந்தவர், இருளப்பனின் தபேலாவுக்கென்றே சைக்கிள் மிதித்து ஊர் ஊராகப் போனவர். "இருளப்பன் தட்டினாமுன்னா நெஞ்சுக்குழியில கேக்கும். இந்தப் பெட்டி தலைக்கு மேலயே போயிருது."

"உமக்கு நெஞ்சுக்குழி எங்கவே இருக்கு? கழுத்துல இருந்து நேரா தொந்தில்லா!" என்றார் தலைவர் ஆவுடையப்பன். அவர் ஆலையில் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீசில் இருந்தவர், எதையும் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசுவார். "எல்லாத்துக்கும் காரணம் அந்தக் கோட்டு. வேட்டி கட்டி வாசிச்ச காலத்துல கை நல்லா வீசும். கோட்டுக்குள்ள கை அடைபட்டுக்கிடுச்சு."

"கோட்டுப் போட்டா சத்தம் போயிருமாக்கும்? வக்கீலு எல்லாம் கோட்டப் போட்டுக்கிட்டுத்தான் அந்தக் கத்து கத்துதான்."

"அவன் பொய்யில்லா சொல்லுதான். பொய்யி எங்க இருந்தாலும் கேக்கும்."

கொட்டகையில் சிரித்தார்கள். செல்லக்கனி சிரிக்கவில்லை. அவள் மன்றத்தின் ஒரே பெண் உறுப்பினர், இரண்டு உடைவுக்கும் அவள்தான் காரணம் என்று சொல்லுவார்கள், அவளும் அதை மறுத்ததில்லை.

"நீங்க என்னக்கா சொல்லுதீக?" என்றார் ஆவுடையப்பன். "எப்பம் மாறிப்போனாங்க?"

"மாறவே இல்ல," என்றாள் செல்லக்கனி. "மொத நாள் எப்படி இருந்தாங்களோ அப்படியேதான் இருக்காங்க. வேட்டியில செஞ்சத கோட்டுப் போட்டுக்கிட்டுச் செய்யுதாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

சேவியர் ஒரு யோசனை சொன்னார்: கோட்டைக் கழற்றட்டும், பெட்டியை மூடட்டும், இருளப்பனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த முதல் பாட்டை முதல் நாள் பாடின மாதிரியே பாடட்டும், சத்தம் போன வழியே திரும்பி வரும். எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. தவசிமுத்துவிடம் ஆள் போனது. அவரும், வார்த்தையைக் கொண்டாருங்க, பாடுதேன், எனக்கே கண்மணிக்கு முந்தி என்ன இருந்ததுன்னு மறந்துபோச்சு என்று சொல்லி அனுப்பினார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. அந்த இடத்தில் என்ன பெயர் இருந்தது என்று கொட்டகையில் ஒருவருக்கும் நிச்சயமில்லை. பார்வதி என்றார் ஒருவர், நானே அழுதுக்கிட்டே பாடிருக்கேன் என்று சத்தியம் செய்தார். சரசுவதி என்றார் இன்னொருவர். பகவதி என்றார் சேவியர். மூன்றும் தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன, மேஜையைத் தட்டிப் பாடிப் பார்த்ததில் மூன்றுக்கும் பழைய ஞாபகம் வந்தது, மூன்றுக்கும் ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அக்காவுக்குத் தெரியுமே," என்றார் ஆவுடையப்பன். "அவுக பக்கத்துல நின்னவுகதான. சொல்லுங்கக்கா, அதையும் ஓட்டுக்கு விட்டுருவோம்."

"பாட்டுல என்ன இருந்துதுன்னு கேக்கியளா, செத்தது யாருன்னு கேக்கியளா?"

"ரெண்டும் ஒண்ணுதானக்கா?"

"ரெண்டும் ஒண்ணா இருந்திருந்தா நான் ஏன் இத்தன வருசம் சீட்டு எழுதிக் கொடுக்கேன்? அந்தப் பேரு ஓட்டுக்கு நிக்காது. ஒண்ணு மைக்குல சொல்லுவேன், இல்ல என்னோட வரட்டும்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவள் சுவரோரம் போய் நின்றுவிட்டாள். கெஞ்சியும் பார்த்தார்கள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, கை மரத்துப்போனவள் தன் கையைப் பார்க்கிற மாதிரி அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆகவே கை தூக்கச் சொன்னார்கள். பகவதி பெரும்பான்மையில் ஜெயித்தாள். ஆவுடையப்பன் தீர்மானத்தை எழுதி, நிறுத்தி நிதானமாக வாசித்தார்: ஆலையில் உயிர்நீத்த தோழியர் பகவதி அவர்களின் நினைவாக, வருகிற உத்திரத்தில், பழைய பாட்டு பழையபடியே பாடப்படும். வாசித்து முடிக்கவும் பகவதி கூட்டத்துக்கு வடைத் தூக்கோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது. ஆலை மூடின பிறகு கொட்டகைக்கு எதிரே இட்லிக்கடை போட்டிருந்தாள்.

"ஏய்யா, நான்தானய்யா பகவதி," என்றாள். "உசுரோடல்லா இருக்கேன்."

"தெரியும் மைனி," என்றார் ஆவுடையப்பன். "இது பாட்டுல உள்ள பகவதி."

"பாட்டுல உள்ளதும் நான்தான். டோக்கன் என்னுதுதான."

"அப்பம் தீர்மானம் சரிதான்," என்று ஆவுடையப்பன் கையெழுத்துப் போட்டார். பகவதி வடையை எண்ணாமல் இலையில் கொட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. மைதானத்தின் மூலையில் பேனர் வைத்தார்கள், அதில் மாலை போட்ட பகவதி, பேத்தி கல்யாணத்தில் எடுத்த போட்டோ என்பதால் சிரித்துக்கொண்டிருந்தாள். இட்லி சாப்பிட வந்தவர்கள் அவளைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்கள், சிலர் எழுந்து நின்று இலையை வாங்கினார்கள், பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு பழைய தொழிலாளி அவளிடமே துக்கம் விசாரித்துவிட்டு, சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். "எங்க இருந்தாலும் அந்த ஆத்மா நல்லா இருக்கணும்மா," என்றார். "நல்லாத்தான் இருக்கு," என்று பகவதி ஊற்றினாள். அவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஆலை வாசலில் தன் பெயரைச் சொல்லி ஊரே அழுததை வீட்டுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் அவள்.

உத்திரத்துக்கு முந்தின நாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் செல்லக்கனி போனாள். பகவதி உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

"உனக்கும் அவ பேரு தெரியும்லா," என்றாள் செல்லக்கனி. "அன்னைக்குக் கூட்டத்துல நீ சொல்லிருக்கலாம்லா?"

"நீ சொன்னியா?"

"நான் மைக்குலதான் சொல்லுவேன்."

"நீ வீறாப்புக்காரி. நான் என்னத்தச் சொல்ல." பகவதி உளுந்துத் தோலைத் தண்ணீரோடு சாய்த்து ஊற்றினாள். "அவ அம்மை வந்தா, தெரியுமா? எல்லாம் முடிஞ்சு, கருமாதியும் முடிஞ்சு ஒருநாள் வந்தா. நான் வாசலுக்கு வந்ததும் ஆணியில இருந்து யாரோ கழட்டிக் கொடுத்திருந்த அந்த டோக்கன மடியில இருந்து எடுத்து என் கையில வச்சா. 'இது உங்க சாமான்'னா. தண்ணி குடிக்கியளான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டுப் போயிட்டா. அந்த டோக்கன வச்சுத்தான் அடுத்த மாசத்துல இருந்து நான் வேலைக்குப் போனேன். கடைசி வரைக்கும் அத வச்சுத்தான் போனேன்."

ரோட்டில் மனை பார்க்க வந்தவர்களின் கார் ஒன்று நின்று, வழி கேட்டுவிட்டுப் போனது.

"நாளைக்கு மைதானத்துக்கு வருவியா?"

"செத்தவ எப்படி வருவா?" என்று பகவதி சிரித்தாள்.

"சாட்சியா வா."

"எதுக்குச் சாட்சி?"

"நீ சாகலங்கிறதுக்கு."

பகவதி உளுந்தை இன்னொரு தண்ணீர் விட்டுக் களைய ஆரம்பித்தாள்.

உத்திரத்தன்று வெயில் இறங்கும் முன்பே மைதானம் நிறைந்தது, ஆலை ஓடின காலத்தில்கூட அத்தனை கூட்டம் வந்ததில்லை என்றார்கள். தவசிமுத்து வேட்டி கட்டி வந்தார், வயசான காலில் வேட்டி தடுக்கியது. பையன்கள் கோட்டைக் கழற்றி மடித்து ஸ்பீக்கர் மேல் வைத்தார்கள். கீபோர்டு மேல் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடினார்கள். இருளப்பனை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றி உட்காரவைத்தார்கள், அவர் தபேலாவின் வாரை இழுத்துக் கட்டுவதற்குள் மூச்சு வாங்கியது. பேசக் கூடாது என்று அறிவிப்பாளர் கேட்டுக்கொண்டார், கடலைக்காரன் சட்டியை இறக்கி வைத்தான், தூங்குகிற குழந்தைகளை எழுப்பி உட்காரவைத்தார்கள். தவசிமுத்து கையை உயர்த்தி இறக்கினார்.

சங்கு ஊதியாச்சு என்று அவர் வாய் அசைந்தது. பகவதி வரல்லே என்று அசைந்தது. இருளப்பனின் விரல்கள் அந்தக் காலத்தில் விழுந்த இடத்திலேயே விழுந்தன, தவசிமுத்துவின் இடது தோள் அந்தக் காலத்தில் ஏறின இடத்திலேயே ஏறியது, ஒரு சொல் மாறவில்லை, ஒரு தட்டு மாறவில்லை என்று பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசையில் சேவியர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இரண்டாவது சரணம் வந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவரும் ஏமாந்தது போல முகம் காட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் குழந்தைகள் மறுபடி படுத்துக்கொண்டன, கடலைச் சட்டி மறுபடி அடுப்பில் ஏறியது.

செல்லக்கனி எழுந்து மேடைப் படியில் ஏறினாள். அவள் கையில் ஒரு துண்டறிக்கை இருந்தது, அச்சடித்தது, மஞ்சள் தாள். நாற்பது வருஷம் கையால் எழுதிக் கொடுத்ததைத் தானே வாசிக்கப் போவதால், அச்சில் இருக்கட்டும் என்று அடித்திருந்தாள். அறிவிப்பாளர் மைக்கைப் பின்னால் மறைத்துக்கொண்டார், அவள் கையை நீட்டியபடியே நின்றாள், அவர் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கொடுத்தார். தவசிமுத்து வாசித்துக்கொண்டே தலையைத் திருப்பினார்.

"அக்கா, பாட்டு நடந்துக்கிட்டிருக்கு."

"நடக்கட்டும் தவசி. நான் வாசிக்கிறதுக்கு அது இடைஞ்சல் இல்ல."

"அந்தப் பேரு தாளத்துல உக்காராதுக்கா. நான் அன்னைக்கே சொன்னேன்லா."

"அது உக்கார வரல," என்றாள் செல்லக்கனி.

ஆலையில் விசாரணை வைத்தால் முதலில் சாட்சிகளை எழுப்பி நிறுத்துவார்கள், பிறகுதான் தாளை வாசிப்பார்கள். அந்த முறைப்படியே அவள் செய்தாள். அவள் குரல் எழுந்து பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போனது, எதிர்த்து நிற்க அங்கே வேறு எந்தச் சத்தமும் இல்லை.

"கார்டிங், இருளப்பன்."

இருளப்பன் தபேலாவிலிருந்து கையை எடுத்தார். எழுந்திருக்க முடியவில்லை, பக்கத்துப் பையனின் தோளைப் பிடித்து எழுந்தார். "இருக்கேன். அவ எனக்கு எதிர் மிஷின். பாத்தேன்."

"ரீலிங், சேவியர்."

"இருக்கேன்க்கா. தூக்கிட்டுப் போனதுல நானும் ஒரு ஆளு." சொல்லிவிட்டுச் சேவியர் தலையைக் குனிந்துகொண்டார். இதை அவர் கொட்டகையில் ஒருநாளும் சொன்னதில்லை.

"டைம் ஆபீஸ், ஆவுடையப்பன்."

ஆவுடையப்பன் எழுந்திருக்கவில்லை. ஜனங்கள் அவரையே பார்த்தார்கள், தீர்மானம் எழுதின பேனா சட்டைப் பையில் இருந்தது. கடைசியில் அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். "டோக்கன ஆணியில பாத்தேன்," என்றார். "ஆளப் பாக்கல."

"அதுவும் சாட்சிதான். நில்லுங்க அண்ணாச்சி. நாலாவது, பகவதி."

கூட்டத்தின் பின்னால், தன் பேனருக்குக் கீழே பகவதி நின்றுகொண்டிருந்தாள். ஜனங்கள் வழிவிட்டார்கள், அவள் வரவில்லை, நின்ற இடத்திலிருந்தே கையைத் தூக்கினாள்.

"இருக்கேன்," என்றாள். "சாகல. டோக்கன் மட்டும்தான் என்னுது."

தவசிமுத்துவின் விரல்கள் இன்னும் ஆர்மோனியத்தில் ஓடிக்கொண்டிருந்தன, பகவதி வரல்லே என்று அவர் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. செல்லக்கனி மஞ்சள் தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஜெயித்தது போலவும் இல்லை. நாலு பேரும் நிற்கிறார்களா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, யாருடைய தாளத்துக்கும் விட்டுக்கொடுக்காமல் வாசித்தாள்.

"வெள்ளையாபுரம் நூற்பாலை, கார்டிங் பகுதி, மூன்றாம் ஷிப்டு, பதிலி. மேலக்கரிசல் கொம்பையா, மாடத்தி இவர்களுடைய மூத்த மகள். பெயர், முத்துப்பேச்சி."